சர்டிபிகேட் பிறந்தநாள்

பிப்ரவரி 10, திங்கள்

நூலகத்தில் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஹெலன் டீச்சர், தினமும் பத்து வரி டயரி எழுதச் சொல்லியிருக்கிறார். எந்த மொழியில் என்று சொல்லவில்லை. அது அவர் தப்பு. நான் தமிழில் எழுதப்போகிறேன்.

பெயர் திரவியம். வயது நாற்பத்தொன்பது. ஊர் பாளையங்கோட்டை. இருபத்திரண்டு வருடம் மருந்து கம்பெனியில் ரெப். பைக், தோல்பை, கழுத்தை நெரிக்கும் டை, நாளைக்குப் பதினான்கு டாக்டர். நாகர்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் நான் காத்துக் கிடக்காத ஆஸ்பத்திரி வராந்தா கிடையாது. இப்போது ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்தில், படிக்க வந்த மகளுக்குத் துணையாக இருக்கும் பெற்றோர் என்ற விசாவில் உட்கார்ந்திருக்கிறேன். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இங்கே படிக்க வந்தால் அம்மா அப்பாவில் ஒருவர் கூடவே தங்கலாம். மனைவி கோமதி வங்கியில் மேனேஜர். அவளால் விட்டுவிட்டு வரமுடியாது. என்னை அப்போதுதான் கம்பெனி, பதினைந்து பேரோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஆகவே நான் வந்தேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

இந்த விசாவில் இருப்பவர் வேலை பார்க்கக் கூடாது. சும்மா இரு என்று ஒரு அரசாங்கமே எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் காகிதத்தை பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பத்து வரிக்கு மேல் போய்விட்டது.

பிப்ரவரி 13

காலையில் தோசை, மதியத்துக்குப் புளியோதரை. மகள் தாமிரா ஏழே முக்காலுக்குப் பள்ளிக்குக் கிளம்பினாள். நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். வாஷிங்மெஷின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "அப்பா, கலர் துணிக்கு மூணாவது பட்டன். வெள்ளைக்கு ஒண்ணாவது. ரெண்டாவதைத் தொடாதீங்க." ஃபிரிட்ஜில் ஒன்று, அடுப்பின் மேல் ஒன்று, வாசல் கதவில் ஒன்று. கதவில் இருப்பது: "சாவி எடுத்தாச்சா?"

பிப்ரவரி 21

ஹெலன் டீச்சர் வகுப்பில் ஐந்து அம்மாக்கள், ஒரே ஒரு அப்பா. சீனா இரண்டு, கொரியா ஒன்று, வியட்நாம் ஒன்று, கம்போடியா ஒன்று. எல்லோரும் பிள்ளைக்குத் துணையாக வந்தவர்கள். எல்லோருக்கும் காலை எட்டிலிருந்து மூன்றரை வரை செய்ய ஒன்றுமில்லை. வியட்நாம்காரி லான் எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் இருக்கிறாள். அவள் மகனுக்குப் பதின்மூன்று. அவளுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. கொத்தமல்லி போல ஏதோ ஒரு தழையை ஜன்னலில் வளர்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இருக்கிறாள். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது.

மார்ச் 4

விசா தொடர்பாக நினைவூட்டல் மெயில் வந்திருக்கிறது. மே 27 அன்று தாமிராவுக்குப் பதினெட்டு. அன்றோடு என் விசா முடிகிறது. அவள் படிப்பு விசா தொடரும், பரீட்சை நவம்பரில்.

இந்த இடத்தில் ஒன்று எழுதியாக வேண்டும். தாமிரா பிறந்தது மே 27 அல்ல, செப்டம்பர் 9. வீட்டில் ஆவணியில் அவள் நட்சத்திரம் வரும் நாளில்தான் பாயசம். மே மாதம் வருவது பள்ளிக்கூடத்துக்கான பிறந்தநாள். "சர்டிபிகேட் பிறந்தநாள்" என்பாள் தாமிரா. மிட்டாய் கொடுக்க இரண்டு தேதி இருப்பதில் சின்ன வயதில் அவளுக்கு ஒரே பெருமை.

பிறப்பைத் தாமதமாகப் பதிந்தபோது ஆபீஸில் தேதியைத் தப்பாக எழுதிவிட்டார்கள். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

மூன்றரை மாதம் குறைகிறது. நூற்றைந்து நாள். எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

தாமிரா குரூப் ஸ்டடி என்று தோழி வீட்டுக்குப் போனாள். நான் கடற்கரைக்குப் போகும் ட்ராமில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக மடியில் வெயில் விழுந்தது. இந்த ஊர் வெயில் நம்மூர் மார்கழிக் காலை வெயில் மாதிரி, அடிக்காமல் தடவும். எப்போது தூங்கினேன் தெரியவில்லை.

கனவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. மடியில் தோல்பை. பக்கத்து பெஞ்சில் யூனிஃபார்ம் போட்ட சின்னப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கால் தரைக்கு எட்டவில்லை. நர்ஸ் வந்து யார் பெயரையோ கூப்பிடுகிறாள். நான் எழுந்து "அடுத்தது நான்தான்" என்கிறேன். பிள்ளை என்னையே பார்க்கிறது. "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று நர்ஸ் கேட்கிறாள். நான் வாட்சைப் பார்த்துவிட்டு "எனக்கு இன்னும் ஆறு டாக்டர் இருக்கு" என்கிறேன்.

விழித்தபோது ட்ராம் காலியாக நின்றிருந்தது, எதிரே கடல். டிரைவர் வந்து ஏதோ கேட்டார். "ஐ ஆம் ஆல்ரைட்" என்றேன். ஹெலன் டீச்சர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கடலைப் பார்த்தபடி அங்கேயே நெடுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

மார்ச் 28

விசா ஏஜென்டைப் பார்த்தேன். பஞ்சாபிக்காரர், நல்ல மனிதர். இங்கிருந்துகொண்டே வேறு விசா கேட்க என் விசாவில் இடமில்லையாம். ஊருக்குப் போய் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை மாதம் ஆகும் என்று அவரால் சொல்ல முடியாது. "மகளுக்குப் பதினெட்டு ஆகிவிடுகிறதே, இனி என்ன கவலை?" என்று சிரித்தார். ஆகவில்லை என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்த நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கோடை முடிந்ததும் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். இன்று அந்த நாள். காலையில் எழுந்து பார்த்தால் ஏழு மணி ஆகியிருக்க வேண்டிய இடத்தில் ஆறு. கேட்காமலேயே ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. தாமிராவும் எழுந்துவிட்டாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னப்பா, இவ்ளோ சீக்கிரம்?"

"சீக்கிரம் இல்ல. நேத்துக் கணக்குக்கு இது ஏழு மணி."

"அப்ப இது யாரு கணக்குலயும் இல்லாத நேரம்."

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தபடி டீ குடித்தோம். வெளியே மாக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை, புல்லாங்குழலில் தண்ணீர் புகுந்த மாதிரி ஒரு குரலில் கூவிக்கொண்டிருந்தது. தாமிராவுக்கு வலது புருவத்துக்குள் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. இன்றுதான் கவனித்தேன். எப்போது விழுந்தது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமாகவும் இருக்கலாம். ஆகவே கேட்கவில்லை.

வெளிச்சம் மெதுவாக மேடைக்கு ஏறி, அவள் கால்விரல் வரை வந்தது. பிறகு ஏழு மணி ஆகிவிட்டது.

ஏப்ரல் 7

புருவத் தழும்பு: கோமதியிடம் ஃபோனில் கேட்டேன். நாலாம் கிளாஸ் படிக்கும்போது ஊஞ்சல் பலகை பட்டது, மூன்று தையல். "அன்னைக்கு நீங்க கோவில்பட்டியில மீட்டிங்ல இருந்தீங்க. ஃபோன் எடுக்கல" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். அதற்குக் குறையே சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 19

பள்ளிக்கு லீவு. நான் போனபிறகு அவள் எங்கே தங்குவது என்று ஒருவாரமாக எனக்குத் தூக்கமில்லை. இன்று சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"லான் ஆன்ட்டி வீட்டுல ஒரு ரூம் இருக்குப்பா. நான் கேட்டுட்டேன். ஸ்கூல்லயும் சொல்லிட்டேன்."

"எப்ப கேட்ட?"

"ஜனவரியிலயே."

ஜனவரியில் எனக்கு அந்த மெயிலே வந்திருக்கவில்லை.

நல்லதுதான். பொறுப்பான பிள்ளை. எனக்கு ஒன்றும் இல்லை. அப்பளம் கருகிவிட்டது, அதுதான் கொஞ்சம் எரிச்சல்.

ஏப்ரல் 30

மழை. மரங்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. பாத்ரூம் குழாய் சரிசெய்தேன். இரண்டாவது பட்டனைத் தொட்டுவிட்டேன். அவளுடைய வெள்ளைச் சட்டை இப்போது ரோஸ் கலர்.

மே 4

ஊரில் இருக்கும் மைத்துனனுக்கு ஃபோன் செய்தேன். பிறந்த தேதியை மாற்ற என்ன வழி என்று சும்மா கேட்டு வைத்தேன். "அத்தான், எல்லாத்துலயும் அந்தத் தேதிதான இருக்கு? அங்க போயி ஒண்ணு முன்னுக்குப் பின்ன இருக்குன்னு தெரிஞ்சா பிள்ள விசாவுக்கே ஆபத்துலா" என்றான். சும்மாதான் கேட்டேன் என்றேன்.

மே 11, ஞாயிறு

நீளமாக எழுத வேண்டிய நாள். கை ஓட மறுக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மதியம் தாமிரா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"ப்பா, இதக் கொஞ்சம் பாருங்க. இங்கிலீஷ் சரியாத்தான் இருக்கும். விஷயம் சரியான்னு மட்டும் பாருங்க."

பள்ளியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரிக்கு எழுதிய மெயில். இன்னும் அனுப்பவில்லை. எழுதியிருந்தது இது: என் பிறப்புச் சான்றிதழில் எழுத்தர் செய்த பிழை இருக்கிறது. நான் உண்மையில் பிறந்தது செப்டம்பர் 9. ஆகவே மே 27 அன்று எனக்குப் பதினெட்டு நிறையாது. என் அப்பா போகத் தேவையில்லை. செப்டம்பர் வரை அவர் இருப்பதற்கு யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். கீழே ஓர் இணைப்பு: அவளுடைய ஜாதக நோட்டின் முதல் பக்கம். கோமதியிடம் சொல்லிப் படம் எடுத்து வாங்கியிருக்கிறாள். மஞ்சள் தடவிய அந்தப் பக்கத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் விளக்கம்: "இது நான் பிறந்த பதினாறாம் நாள் எழுதப்பட்டது. நேரம் உட்பட இருக்கிறது."

இரண்டு தடவை படித்தேன். அவளுக்கு நான் வேண்டும் என்று அதில் எழுதவில்லை. வேண்டாதவர்கள் ஜாதகத்தைப் படம் எடுத்து வாங்க மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடம் நான் இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதிவைக்கிறேன், பிறகு அது இருந்ததே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

பிறகு சொன்னேன். "இத அனுப்பக் கூடாது."

"ஏன்ப்பா? உண்மைதான?"

"உண்மைதான். ஆனா அனுப்பக் கூடாது. உன் பாஸ்போர்ட்டு, ஸ்கூல் சர்டிபிகேட்டு, விசா எல்லாம் அந்தத் தேதியில இருக்கு. பரீட்சைக்கு ஆறு மாசம் இருக்கு. நீயே போயி நான் கொடுத்ததெல்லாம் தப்புன்னு சொல்லுவியா?"

"எவனோ ஒரு கிளார்க் தப்பா எழுதினதுக்கு நீங்க எதுக்குப் போகணும்? மிஸ்டேக்னா கரெக்ட் பண்ணத்தான் செய்வாங்க. நான் அனுப்பத்தான் போறேன்."

அவள் விரல் பட்டன் மேல் இருந்தது.

"கிளார்க் தப்பு பண்ணலம்மா. நாந்தான் அந்தத் தேதியச் சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோம், அதுவரை உண்மை. இரண்டே முக்கால் வருடம் கழித்து நான் போய், உறுதிமொழிப் பத்திரத்தில் மே 27 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மே மாதம் முடிவதற்குள் மூன்று வயது நிறைந்திருந்தால்தான் எல்.கே.ஜி.யில் எடுப்பார்கள்.

"எதுக்கு?" என்றாள்.

நீ அவ்வளவு கெட்டிக்காரி, அதனால் சீக்கிரம் சேர்த்துவிட்டோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மருந்தைப் பற்றி இல்லாததெல்லாம் சொல்லிப் பழகிய வாய். ஏனோ வரவில்லை.

"அம்மாவுக்கு லீவு முடிஞ்சிருச்சு. உன்னப் பாத்துக்கிட ஆள் கிடைக்கல. ஒரு வருஷம் நீங்க வீட்டுல இருங்க, அடுத்த வருஷம் பிள்ளைய ஸ்கூல்ல சேத்துருவோம்னு அம்மா சொன்னா. நான் மாட்டேன்னுட்டேன். சண்ட வந்துச்சு. மறுநாள் போயி தேதிய மாத்தி வாங்கிட்டு வந்தேன்."

"ஏன் மாட்டேன்னீங்க?"

"ஏரியா மேனேஜர் போஸ்டு தாரேன்னு சொல்லியிருந்தாங்க."

"தந்தாங்களா?"

"இல்ல."

லேப்டாப்பை மூடினாள். "சரி" என்றாள். மெயிலை அழித்துவிட்டாள் என்பதைச் சாயங்காலம் அவளே வந்து சொன்னாள்.

மே 12

பேசவில்லை.

மே 13

பேசவில்லை. டிபன் டப்பா மேஜையிலேயே இருந்தது. அந்த எலுமிச்சைச் சோற்றை மதியம் நானே சாப்பிட்டேன்.

மே 14

இங்கே வந்ததும் அவளைப் பத்தாம் வகுப்பை மறுபடி படிக்க வைத்தார்கள். நான் அவசரப்பட்டு மிச்சம் பிடித்த வருடத்தை இந்த நாடு அப்படியே எடுத்துக்கொண்டது. அவளுக்கும் மிச்சமில்லை, எனக்கும் மிச்சமில்லை. வெளியே வெயில் அடித்தபடியே தூறுகிறது. நாள் முழுக்க ஜன்னலோரத்தில் இருந்தேன்.

மே 15, வியாழன்

மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலுக்குப் போய் நின்றேன். வழக்கமாகப் போவதில்லை, பெரிய பிள்ளை, கூச்சப்படுவாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு பக்கத்தில் வந்து நடந்தாள். இலைகள் நடைபாதை முழுக்கக் கிடந்தன. இரண்டு தெரு தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த எல்.கே.ஜி.யில நான் என்ன செஞ்சேன்?"

"அம்மாகிட்ட கேட்டேன். மூணு மாசம் அழுதியாம். ஆயாம்மா உன்ன இடுப்புலயே வச்சிருப்பாங்களாம்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"அப்பவே சொன்னேங்கிறா அம்மா. எனக்குக் காதுல ஏறல போல."

இன்னொரு தெரு.

"என்கூட ஒரு வருஷம் இருக்கது அவ்ளோ கஷ்டமாவா இருந்துச்சு?"

"போஸ்டுக்காகன்னு சொன்னேம்லா, அது பாதிதான். பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"நீ அழுதா என்ன செய்யணும்னு தெரியாது. நீ அழ ஆரம்பிச்சாலே பைக்க எடுத்துக்கிட்டு வெளிய போயிருவேன்."

"இப்ப தெரியுமா?"

"இப்பதான் நீ அழுறதே இல்லையே."

தாமிரா பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"உங்க முன்னாடி அழுறதில்லப்பா."

வீட்டுக்கு வந்தோம். டீ போட்டேன். இரண்டு டம்ளர் வைத்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள்.

மே 22

பள்ளி அலுவலகத்தில் ஒரு படிவம். இந்த மாணவி மே 27 முதல் வயதுவந்தவர், தன் தங்குமிடத்துக்குத் தானே பொறுப்பு. கையெழுத்துப் போட்டேன். அதே பொய், இரண்டாம் முறை. முதல் முறை அவளை வீட்டைவிட்டு அனுப்ப, இந்த முறை அவளை இங்கே இருத்த. பேனாவுக்கு என்ன தெரியும், நன்றாகத்தான் எழுதியது.

மே 24

லானுக்கு ரசம் எப்படி வைப்பது என்று செய்து காட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர் வரக் குடித்துவிட்டு, ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: "கவலைப்படாதே. என் மகன் மாதிரி பார்த்துக்கொள்வேன். ஆனால் இந்தச் சூப்பை அவளே வைத்துக்கொள்ளட்டும்."

மே 25

விமானநிலையம். எல்லோரும் அவரவர் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. தாமிரா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "சிங்கப்பூர்ல கேட் நம்பர் மாறும். போர்டப் பாருங்க" என்றாள். சரி என்றேன். கண்ணாடிக் கதவு மூடியபிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் ஃபோனைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றிருந்தாள். அழவில்லை.

விமானத்தில் மேகங்களுக்கு மேலே ஆறு மணி நேரம் பகல் அப்படியே நின்றது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்ல முடியவில்லை.

மே 27, செவ்வாய். பாளையங்கோட்டை

நேற்றுத் திருவனந்தபுரம் வந்து இறங்கி, காரில் வீடு வந்து சேர்ந்தேன். இன்று காலை கோமதி வங்கிக்குக் கிளம்பும்போது, "நீங்க எங்கயும் போகலையா?" என்றாள். இல்லை என்றேன். இருபது வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் இல்லை என்றது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். செருப்பை மாட்டியபடியே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த வீட்டில் ஒரு வேலைநாள் காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு ஹாலில் வெயில் எங்கே விழும் என்று தெரியாது. டி.வி. பக்கத்தில் விழுகிறது. தண்ணீர் லாரி வந்தது. கீரைக்காரி வந்தாள், என்னைப் பார்த்து "வீட்டுல அம்மா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பதினொன்றரைக்கு ஃபோன். அங்கே மூன்றரை, பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

"ப்பா, எனக்குச் சர்டிபிகேட் பதினெட்டு."

"நல்லா இரும்மா. பாயசம் செப்டம்பர்லதான்."

"தெரியும்." நடந்துகொண்டே பேசினாள். காலடியில் இலைகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. லான் ஆன்ட்டி மெழுகுவத்தி வைத்தாளாம். பள்ளி ஆபீஸில் வாழ்த்துச் சொன்னார்களாம். இயற்பியல் டெஸ்ட் பரவாயில்லையாம். பிறகு சத்தம் நின்றது. நின்றுவிட்டாள் போல.

"எங்க நிக்க?"

ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று காதோடு அழுத்திக் கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, பொங்கி வருவதை அடக்கப் பார்த்து முடியாமல், அழுதாள். தெருவில் நின்றுகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, வாய்விட்டு.

"ப்பா, வச்சிராதீங்க."

"வைக்கல."

என்ன சொல்ல வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கும்வரை இருந்தேன்.